ஹீலருக்கு எந்த ஸ்டாட்டை ஏற்றுவது?

ஆன்லைன் ஆர்பிஜி (ஒரு பாத்திரத்தை ஏற்று வளர்க்கும்) விளையாட்டில் ஹீலரை, அதாவது தோழர்களின் உயிரை நிரப்பிக் காப்பாற்றும் பாத்திரத்தைத் தேர்ந்தெடுத்தவருக்கு முதல் சில லெவல்களிலேயே ஒரு குழப்பம் வந்துவிடும். லெவல் ஏறியதும் ஸ்டாட்டுகளில், அதாவது பாத்திரத்தின் திறன் அளவுகளில், போடக் கொஞ்சம் புள்ளிகள் கிடைக்கும். அல்லது ஒரே நேரத்தில் இரண்டு அங்கிகள் கிடைக்கும். ஒன்றில் மானா (மந்திரம் போடச் செலவாகும் சக்தி) மீட்பு அதிகம், இன்னொன்றில் காஸ்ட் வேகம் (மந்திரத்தைப் போட்டு முடிக்கும் வேகம்) அதிகம். எதை எடுப்பது? தேடிப் பார்த்தால் "மெயின் ஸ்டாட்டை ஏற்று, மற்றதைப் பற்றிக் கவலைப்படாதே" என்று ஒரே வரியில் பதில் கிடைக்கும். அந்தப் பதில் பாதி சரி. மீதிப் பாதி புரிய வேண்டுமென்றால், ஹீலரின் வேலை அடிப்பவரின் வேலையிலிருந்து எங்கே வேறுபடுகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

அடிப்பவருடைய கணக்கு நேரானது. பாஸுக்கு (சண்டையின் பெரிய எதிரி) இருபது லட்சம் எச்பி (உயிர் அளவு) இருந்தால், அவர் போடும் ஒவ்வொரு அடியும் அந்த இருபது லட்சத்தில் கழியும். பெரிய அடி எப்போது விழுந்தாலும் லாபம்தான். ஹீலருக்கு அப்படி இல்லை. தோழரின் எச்பிக்கு உச்சவரம்பு இருக்கிறது. 900 மட்டுமே குறைந்திருப்பவருக்கு 1500 ஹீல் போட்டால் 600 வீண். நிறைந்த குடத்தில் ஊற்றிய தண்ணீர். இதைத்தான் ஓவர்ஹீல் என்கிறார்கள். மறுபக்கம், தோழர் செத்து அரை நொடி கழித்து வந்து சேரும் ஹீல் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் அதன் மதிப்பு பூஜ்யம். ஆக ஹீலின் மதிப்பை அதன் அளவு மட்டும் தீர்மானிப்பதில்லை, அது விழும் நேரமும் சேர்ந்துதான் தீர்மானிக்கிறது.

அதனால் ஹீலருக்கான ஸ்டாட்டைத் தேர்ந்தெடுக்கும்போது நான் எப்போதும் சொல்லும் கேள்வி ஒன்றுதான்: கடைசியாக உங்கள் குழுவில் ஒருவர் செத்தபோது, ஏன் செத்தார்? அனேகமாக விடை இந்த நான்கில் ஒன்றாக இருக்கும். மானா தீர்ந்துவிட்டது. ஹீல் வந்து சேரத் தாமதமானது. ஹீல் நேரத்துக்கு வந்தும் போதவில்லை. அல்லது ஹீலரே முதலில் விழுந்துவிட்டார். எது நடந்ததோ அதற்குரிய ஸ்டாட்தான் இப்போது உங்களுக்கு வேண்டியது. மற்றவை பிறகு.

மெயின் ஸ்டாட்

ஹீலின் அளவைக் கூட்டும் ஸ்டாட்டுக்கு விளையாட்டுக்கு விளையாட்டு பெயர் மாறும். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டில் இன்டெலக்ட், ஃபைனல் ஃபேன்டஸி 14-ல் மைண்ட், ரக்னராக் ஆன்லைனில் இன்ட். இன்றைய பெரும்பாலான விளையாட்டுகளில் லெவலும் கியரும் (அணியும் உடை, ஆயுதம்) ஏறும்போது இது தானாகவே ஏறிவிடும். நீங்கள் யோசிக்க வேண்டியது அதிகமில்லை. மெயின் ஸ்டாட் கூடுதலாக இருக்கும் கியரைப் போட்டுக்கொண்டு போகலாம்.

புள்ளிகளை நாமே பகிர்ந்து போட வேண்டிய பழைய வகை விளையாட்டுகளில்தான் கவனம் தேவை. ரக்னராக்கை எடுத்துக்கொள்வோம். ரினியூவல் மாற்றத்துக்கு முந்தைய பதிப்பில் ஹீல் மந்திரத்தின் கணக்கு இப்படி: உங்கள் அடிப்படை லெவலையும் இன்ட்டையும் கூட்டி, 8-ஆல் வகுத்து, மீதியைத் தள்ளிவிட வேண்டும். 10-ஆம் நிலை ஹீல் என்றால் கிடைக்கும் எண்ணை 84-ஆல் பெருக்க வேண்டும். லெவல் 60, இன்ட் 60 என்றால் 120-ஐ 8-ஆல் வகுக்க 15, ஹீல் 1260. இப்போது இன்ட்டை 67 ஆக்கினால்? 127-ஐ 8-ஆல் வகுத்தாலும் மீதியைத் தள்ளியபின் அதே 15 தான். அதே 1260. இன்ட் 68-ஐத் தொட்டதும் 16 ஆகி, ஹீல் 1344-க்குத் தாவும்.

அந்த விளையாட்டில் ஸ்டாட் உயர உயர விலையும் ஏறும். தொடக்கத்தில் ஒரு படிக்கு 2 புள்ளி போதும். 60-லிருந்து 67 வரை போக மொத்தம் 55 புள்ளிகள் வேண்டும். லெவல் மாறாமல் இருந்தால் அந்த 55 புள்ளியும் ஹீல் அளவில் எதையும் கூட்டாது. எஸ்பி (அங்கே மானாவின் பெயர்) கொஞ்சம் கூடும், இடையில் லெவல் ஏறினால் கூட்டுத்தொகையும் நகரும் என்பது உண்மைதான். ஆனாலும் எந்தப் படியில் நிற்கிறோம், அடுத்த படி எவ்வளவு தூரம் என்று பார்த்துவிட்டுப் போடுபவருக்கும் கண்ணை மூடிக்கொண்டு போடுபவருக்கும் இடையில் பெரிய வித்தியாசம் வந்துவிடும். ஃபைனல் ஃபேன்டஸி 14-லும் துணை ஸ்டாட்டுகள் இப்படிப் படிப்படியாகத்தான் வேலை செய்கின்றன. அடுத்த படியைத் தொடாத புள்ளிகள் சும்மா கிடக்கும்.

இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய இன்னொரு பாடம்: நீங்கள் அதிகம் போடும் மந்திரம் எந்த ஸ்டாட்டைப் பார்க்கிறது என்று அதன் விளக்கத்தைப் படியுங்கள். அதே பழைய ரக்னராக்கில் டெக்ஸ் என்ற ஸ்டாட் காஸ்ட் நேரத்தைக் குறைக்கும். டெக்ஸ் 75 இருந்தால் காஸ்ட் நேரம் பாதியாகும், 150 இருந்தால் பூஜ்யம். 5 நொடி எடுக்கும் சாங்க்சுவரி என்ற மந்திரம் 75 டெக்ஸில் இரண்டரை நொடியில் விழும். ஆனால் சாதாரண ஹீலுக்குக் காஸ்ட் நேரமே கிடையாது. நாள் முழுக்க ஹீல் மட்டும் போடும் பிரீஸ்டுக்கு (அங்கே ஹீலர் பாத்திரம்) டெக்ஸ் தரும் லாபம் மிகக் குறைவு.

ஒரு சண்டை, நான்கு தேர்வுகள்

இப்போது கொஞ்சம் கணக்கு. இது எந்த விளையாட்டின் எண்களும் இல்லை, புரிவதற்காக நான் போட்டது. உங்களிடம் 10,000 மானா. ஒரு ஹீலுக்கு 400 மானா செலவு, 2 நொடி காஸ்ட், 1000 எச்பி ஏறும். நொடிக்கு 50 மானா திரும்ப வருகிறது. பாஸ் சண்டை 5 நிமிடம் ஓடுகிறது.

அந்த 300 நொடியில் உங்களுக்குக் கிடைக்கும் மொத்த மானா 10,000 தொடக்கத்தில், 15,000 மீட்பில், ஆக 25,000. அதில் 62 ஹீல் போடலாம். மொத்தம் 62,000. நேரம் 150 காஸ்டுக்கு இடம் தருகிறது, ஆனால் மானா 62-க்கு மேல் விடாது.

ஏதாவது ஒன்றை 20 சதவீதம் கூட்டலாம் என்று வைத்துக்கொள்வோம். மானா மீட்பைக் கூட்டினால் மொத்த மானா 28,000, ஹீல் 70. மானா கொள்ளளவைக் கூட்டினால் 27,000; ஹீல் 67. ஹீல் அளவைக் கூட்டினால் அதே 62 ஹீல், ஒவ்வொன்றும் 1200, மொத்தம் 74,400. காஸ்ட் வேகத்தைக் கூட்டினால்? அதே 62 ஹீல், அதே 62,000. அந்த 62-ஐயும் சீக்கிரம் போட்டு முடித்துவிட்டுக் கையைக் கட்டி நிற்கலாம், அவ்வளவுதான்.

இதே எண்களோடு சண்டை ஒரு நிமிடம் மட்டும் ஓடினால் படம் மாறிவிடுகிறது. மானா 13,000; அது 32 ஹீலுக்குப் போதும். ஆனால் 60 நொடியில் 30 காஸ்டுக்குத்தான் இடம். இங்கே மானா மீட்புக்கு ஒரு பயனும் இல்லை. வேகம் கொஞ்சம் உதவும், 32 வரை போகலாம். ஹீல் அளவைக் கூட்டினால் அதே 30 ஹீலில் மொத்தம் 36,000. ஒரே ஹீலர், ஒரே கியர், சண்டையின் நீளம் மட்டும்தான் மாறியது. குட்டி டஞ்சனுக்கு (சிறு குழுவாகப் போகும் இடம்) எழுதிய வழிகாட்டியை நீண்ட ரெய்டுக்கு (பெரிய குழுவாகப் போகும் சண்டை) கொண்டுபோனவர்கள் மானா இல்லாமல் தவிப்பது இதனால்தான்.

இரண்டு கணக்கிலும் ஹீல் அளவுதான் ஜெயித்தது என்று கவனித்திருப்பீர்கள். அப்படியானால் எல்லாவற்றையும் அதிலேயே போட்டுவிடலாமா? கணக்கு ஒன்றை மறைக்கிறது: அந்த 1200-ம் முழுவதும் பயன்பட்டதாக அது எடுத்துக்கொண்டது. தோழர்கள் சராசரியாக 900 குறைந்திருக்கும்போதுதான் நீங்கள் ஹீல் போடுகிறீர்கள் என்றால், 1000 என்றாலும் 1200 என்றாலும் ஏறுவது 900 தான். அப்போது கூடுதல் 200 அளவுக்கு விலையே இல்லை. கூடுதலாகப் போட முடிந்த 8 ஹீலுக்கு முழு விலை உண்டு. உங்கள் ஓவர்ஹீல் சதவீதம் அதிகமாக இருந்தால், மேலும் பெரிய ஹீலைத் தேடுவது அந்த வீணடிப்பைத்தான் வளர்க்கும். அப்போது சிறிய, மலிவான மந்திரத்துக்கு மாறுவது எந்த ஸ்டாட்டையும்விட அதிகம் உதவும்.

மானா என்ற மூச்சு

புதியவர்களுக்கு நான் முதலில் மானா மீட்பைத்தான் பரிந்துரைப்பேன், அனுபவசாலிகள் பலர் அதை ஒதுக்கினாலும். காரணம் இருக்கிறது. அனுபவசாலிக்குப் பாஸ் எப்போது அடிப்பான் என்று தெரியும், தேவையில்லாத ஹீலைப் போட மாட்டார், அவருடைய குழுவும் தவிர்க்க வேண்டிய அடிகளைத் தவிர்க்கும். புதிய குழுவில் இவை எதுவும் இல்லை. எல்லோரும் நெருப்பில் நிற்பார்கள், நீங்கள் பதறி இரண்டிரண்டாக ஹீல் போடுவீர்கள். அது இயல்பு. அந்தப் பதற்றத்துக்குத் தேவைப்படும் இடத்தை மானா தருகிறது.

ஃபைனல் ஃபேன்டஸி 14 இதற்கு நல்ல உதாரணம். அங்கே எல்லோருக்கும் மானா 10,000 என்று நிலையானது. பயட்டி என்ற ஸ்டாட் மீட்பை மட்டும் கூட்டும், அதுவும் ஹீலர்களுக்கு மட்டுமே உரியது. செத்த ஒருவரை எழுப்ப 2400 மானா செலவாகும். இரண்டு பேரை எழுப்பினால் கிட்டத்தட்ட பாதி மானா போய்விட்டது. யாருமே சாகாத குழுவில் பயட்டி வீண். அடிக்கடி விழும் குழுவில் அதுதான் சண்டையைக் காப்பாற்றுகிறது. குழு தேறத் தேற, அந்தப் புள்ளிகளைக் கொஞ்சம் கொஞ்சமாக வேறு பக்கம் நகர்த்தலாம்.

மானா எப்படித் திரும்புகிறது என்ற விதியையும் பார்த்துவிடுங்கள். வார்கிராஃப்டின் பழைய வடிவத்தில் ஸ்பிரிட் என்ற ஸ்டாட் மானாவை மீட்கும், ஆனால் மானா செலவழித்த பிறகு 5 நொடிக்கு அந்த மீட்பு நின்றுவிடும். இடைவிடாமல் காஸ்ட் செய்பவருக்கு அதனால் பெரிய லாபம் இல்லை. "5 நொடிக்கு இத்தனை மானா" என்று கியரில் எழுதியிருக்கும் ஸ்டாட்டோ காஸ்ட் செய்யும்போதும் ஓடிக்கொண்டே இருக்கும். இரண்டும் மானா மீட்புதான், ஆனால் யார் எப்படி விளையாடுகிறார் என்பதைப் பொறுத்து இரண்டின் மதிப்பும் வெகுதூரம் விலகிவிடும். அந்த ஸ்பிரிட் ஸ்டாட்டையே 2016-ல் லீஜியன் பதிப்போடு எடுத்துவிட்டார்கள். வழிகாட்டி எதைப் படித்தாலும் அது எந்தப் பதிப்புக்கு எழுதப்பட்டது என்று பாருங்கள்.

வேகம்

மேலே போட்ட கணக்கில் தோற்ற வேகம், வேறொரு இடத்தில் ஜெயிக்கும். டேங்கின் (முன்னால் நின்று பாஸின் அடிகளை வாங்கும் தோழர்) எச்பி 2500. பாஸ் 1300 அடிக்கிறான், 2.2 நொடி கழித்து மறுபடி 1300. முதல் அடியைப் பார்த்து நீங்கள் விரலை அசைக்க 0.4 நொடி ஆகிறது. 2 நொடி காஸ்ட் என்றால் ஹீல் வந்து சேரும்போது 2.4, டேங்க் ஏற்கெனவே கீழே கிடக்கிறார். 20 சதவீத வேகத்தில் காஸ்ட் 1.67 நொடியாகும், ஹீல் 2.07-ல் விழுந்துவிடும், டேங்க் 900 எச்பியோடு தப்பிப்பார். ஹீல் அளவை 20 சதவீதம் கூட்டியிருந்தால் பிணத்தின் மேல் 1200 விழுந்திருக்கும்.

ஆனால் எல்லாச் சாவும் தாமதத்தால் வருவதில்லை. வேகத்தைக் கூட்டினால் மானா செலவின் வேகமும் கூடும். மானாவில் ஏற்கெனவே தட்டுப்பாடு உள்ளவர் வேகத்தை ஏற்றினால் சண்டை நடுவில் இன்னும் சீக்கிரமாகக் காலியாகிவிடுவார். அதனால் வேகம் எப்போதும் மானாவுக்குப் பின்னால்தான் வர வேண்டும் என்பது என் கருத்து.

கிரிட், மாஸ்டரி போன்றவை

கிரிட் என்றால் சில நேரம் ஹீல் ஒன்றரை மடங்காகவோ இரட்டிப்பாகவோ விழும் வாய்ப்பு. சராசரிக் கணக்கில் அழகாகத் தெரியும். ஆனால் 20 சதவீதக் கிரிட் வைத்திருப்பவர் அடுத்தடுத்து 5 ஹீல் போட்டால், அவற்றில் ஒன்றுகூடக் கிரிட் ஆகாமல் போகும் வாய்ப்பு கிட்டத்தட்ட மூன்றில் ஒன்று. அடிப்பவருக்கு இது பொருட்டே இல்லை. அவர் நூற்றுக்கணக்கில் அடிப்பார், சராசரி சரியாகிவிடும். ஹீலருக்கு டேங்கின் உயிர் அடுத்த இரண்டு ஹீலில் தொங்கும். சராசரியை நம்பி அங்கே நிற்க முடியாது. தேவையில்லாத நேரத்தில் வந்த கிரிட் ஓவர்ஹீலாகப் போய்விடும்.

இதற்கு விலக்கு உண்டு. சில பாத்திரங்களுக்குக் கிரிட் விழுந்தால் வேறு பலனும் கிடைக்கும். பழைய வார்கிராஃப்டில் ஹோலி பாலடின் இல்லுமினேஷன் என்ற திறனை முழுதாக எடுத்திருந்தால், ஹீல் கிரிட் ஆகும்போதெல்லாம் அந்த மந்திரத்தின் அடிப்படை மானா திரும்ப வந்துவிடும். அவருக்குக் கிரிட்டே மானா ஸ்டாட். உங்கள் பாத்திரத்தின் திறன் பட்டியலைப் படிக்காமல் ஸ்டாட் பட்டியலைப் பார்ப்பதில் அர்த்தமில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

மாஸ்டரியும் அப்படித்தான், ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒவ்வொரு வேலை. ரெஸ்டரேஷன் ஷாமனுக்கு எச்பி குறைவாக இருப்பவர்மேல் போடும் ஹீல் கூடும். அதாவது ஆபத்தான நேரத்தில் தானாகவே பலம் ஏறும், ஓவர்ஹீலாகவும் அதிகம் போகாது. ரெஸ்டரேஷன் ட்ரூயிடுக்கு ஒருவர்மேல் எத்தனை தொடர்-ஹீல்கள் ஓடுகின்றன என்பதைப் பொறுத்துக் கூடும். ஆகவே மாஸ்டரி நல்லதா என்று பொதுவாகக் கேட்டால் விடை கிடையாது.

எந்தத் துணை ஸ்டாட்டையும் ஒரே இடத்தில் குவித்துக்கொண்டே போனால் பலன் குறையத் தொடங்கும். வார்கிராஃப்டில் 2020-ல் வந்த ஷேடோலேண்ட்ஸ் முதல் இதை வெளிப்படையாகவே வைத்திருக்கிறார்கள்: கியரிலிருந்து கிடைக்கும் ஒரு துணை ஸ்டாட் 30 சதவீதத்தைத் தாண்டினால், அதற்கு மேல் சேரும் புள்ளிகளில் 10 சதவீதம் வெட்டு, மேலே போகப் போக வெட்டும் கூடும்.

சில ஸ்டாட்டுகள் ஹீலுக்குத் துளியும் உதவாது. ஃபைனல் ஃபேன்டஸி 14-ல் டைரக்ட் ஹிட் உங்கள் அடியை மட்டுமே கூட்டும். அதற்காக அதைக் குப்பை என்று சொல்லிவிடவும் முடியாது. அந்த விளையாட்டில் ஹீல் தேவைப்படாத நேரத்தில் ஹீலரும் அடிக்க வேண்டும் என்பது எழுதப்படாத விதி. பாஸ் சீக்கிரம் செத்தால் நீங்கள் போட வேண்டிய ஹீலும் குறையும். அடியையும் ஹீலையும் சேர்த்தே கூட்டும் கிரிட், டிட்டர்மினேஷன் போன்றவற்றை அங்கே அனுபவசாலிகள் விரும்புவது இதனால்தான். கில்டு வார்ஸ் 2-ல் ஹீலர்கள் கான்சன்ட்ரேஷனைத் தேடுவார்கள். அது ஹீலைக் கூட்டாது, குழுவுக்குக் கொடுக்கும் வரங்கள் நீடிக்கும் நேரத்தைக் கூட்டும். 15 புள்ளிக்கு 1 சதவீதம்.

நீங்களே விழுந்தால்

எச்பியையும் தற்காப்பையும் கூட்டும் ஸ்டாட்டுகளைப் புதிய ஹீலர்கள் அலட்சியம் செய்கிறார்கள். ஹீலர் செத்தால் சண்டை அனேகமாக முடிந்துவிட்டது, எனவே ஒரு அளவு வரைக்கும் இவை அவசியம். அந்த அளவைக் கண்டுபிடிப்பது எளிது: பாஸின் தவிர்க்க முடியாத மிகப் பெரிய அடி ஒன்றைத் தாங்கி, கொஞ்சம் மிச்சம் இருக்க வேண்டும். அதுவரை ஏற்றுங்கள். அதற்கு மேல் ஏற்றும் எச்பியை நிரப்பவும் உங்கள் மானாதான் செலவாகும். மற்ற வீரர்களோடு மோதும் பிவிபியில் மட்டும் கதை வேறு. அங்கே எல்லோரும் முதலில் பாய்வது ஹீலர்மேல், ஆகவே தற்காப்புக்குத் தாராளமாகவே ஒதுக்கலாம்.

தனியாக லெவல் ஏற்றும் காலத்தில் மேலே சொன்ன எதையும் மனத்தில் போட்டு உழப்ப வேண்டாம். அப்போது உங்கள் எதிரியைக் கொல்வதும் நீங்கள்தான், ஹீல் வாங்குவதும் நீங்கள்தான். மெயின் ஸ்டாட்டையும் கொஞ்சம் எச்பியையும் பார்த்துக்கொண்டால் போதும்.

எப்படிச் சோதிப்பது

அடுத்த முறை குழுவாகப் போகும்போது மூன்று விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: பாஸ் விழும்போது உங்களிடம் எத்தனை சதவீதம் மானா மிச்சம், உங்கள் ஓவர்ஹீல் எவ்வளவு, ஒருவர் செத்தபோது நீங்கள் என்ன காஸ்ட் செய்துகொண்டிருந்தீர்கள். சண்டை முடிவில் மானா பாதிக்கு மேல் இருந்தால் மீட்பு தேவைக்கு அதிகம்; அதிலிருந்து எடுத்து வேகத்துக்கோ ஹீல் அளவுக்கோ கொடுக்கலாம். பாஸ் பாதி உயிரோடு இருக்கும்போதே நீங்கள் காலி என்றால் மீட்பை ஏற்றுங்கள், கூடவே விலையுயர்ந்த மந்திரத்தை எத்தனை முறை போட்டீர்கள் என்றும் பாருங்கள். ஹீல் பாதி காஸ்டில் இருக்கும்போதே தோழர் செத்திருந்தால் வேகம். ஹீல் விழுந்து, அடுத்த அடியிலேயே செத்திருந்தால் அளவு. ஒரே அடியில் முழு எச்பியும் போயிருந்தால் அதற்கு உங்களிடம் எந்த ஸ்டாட்டும் இல்லை. அவர் அந்த இடத்திலிருந்து நகர்ந்திருக்க வேண்டும்.

ஒரு நேரத்தில் ஒரு ஸ்டாட்டை மட்டும் மாற்றி, அதே பாஸோடு, முடிந்தால் அதே குழுவோடு மறுபடி மோதிப் பாருங்கள். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது உதவியது என்று தெரியாது. புள்ளிகளைத் திரும்ப எடுக்க வழியில்லாத விளையாட்டு என்றால், லெவல் ஏறியதும் கிடைத்ததையெல்லாம் அன்றே போட்டுவிடாமல் கொஞ்சத்தைக் கையில் வைத்திருந்து, அடுத்த டஞ்சனை முடித்த பிறகு போடுங்கள்.